தலைவலிதானேன்னு விடலாமா? கம்பம் பள்ளத்தாக்கில் மூளைக் கட்டியும் ரத்தக்குழாய் வீக்கமும் கைநழுவும் இடங்கள்

கம்பம், போடி, கூடலூர் பக்கம் அதிகாலையில் ரோட்டில் நின்று பார்த்திருந்தால் தெரியும். ஜீப் ஜீப்பாக ஆட்கள் ஏறிப் போவார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு வேலை. பொழுது சாயும்போதுதான் அதே ஜீப் கீழே இறங்கும்.

அந்த ஜீப்பில் போன ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையை எப்போதாவதுதான் போடுகிறார். காலை பத்து மணிக்கு ஏலக்காய் எடுத்துக்கொண்டிருக்கும்போது, பின்மண்டையில் யாரோ சம்மட்டியால் போட்ட மாதிரி ஒரு வலி. சில நொடிகளில் உச்சத்துக்குப் போய்விட்டது. ஒரு தடவை வாந்தி. கழுத்து விறைப்பு. பக்கத்தில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? “பனியில நின்னது”, “பித்தமா இருக்கும், ஒரு டீ குடி”. தைலம், ஒரு மாத்திரை, மர நிழலில் படுக்கை. மாலை ஐந்து மணிக்கு ஜீப். கம்பம் வந்து சேர ஆறரை.

இந்த அக்கா கற்பனை ஆள்தான். ஆனால் அவர் தலைக்குள் ஓடும் கடிகாரம் கற்பனை இல்லை. பத்து மணிக்கும் ஆறரைக்கும் நடுவில் முக்கியமான ஒரு கெடு கடந்துபோய்விட்டது.

அது என்ன ஆறு மணி நேரக் கெடு?

மூளையில் உள்ள ரத்தக்குழாய் வீக்கம் (மருத்துவர்கள் ‘அனியூரிசம்’ என்பார்கள்) வெடித்தால், மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு இடையே ரத்தம் பரவும். அப்படிக் கசிந்த புது ரத்தம் சிடி ஸ்கேனில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நேரம் ஆக ஆக, மூளையைச் சுற்றி ஓடும் திரவத்தில் அது கரைந்து நீர்த்துப்போகும், வெள்ளை மங்கும்.

எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்பதைக் கனடாவில் ஒரு பெரிய ஆய்வு அளந்தது. 2011-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வில், திடீர் தலைவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 3,132 பேர் இருந்தார்கள். வலி தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களில் ஒரு ரத்தக்கசிவுகூடத் தப்பவில்லை. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்தவர்களில் கண்டுபிடிப்பு விகிதம் சுமார் 86 சதவீதமாக இறங்கிவிட்டது. அதாவது, ஏழில் ஒரு கசிவு ஸ்கேனில் சிக்காமல் போனது. இதில் ஒரு நிபந்தனையும் உண்டு: நவீன சிடி இயந்திரமாக இருக்க வேண்டும், படத்தைப் பார்ப்பவர் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டாக இருக்க வேண்டும்.

அப்படியானால் ஆறு மணி நேரம் தாண்டியவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுப்பார்கள். கசிந்த ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து அந்த நீருக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கும். அந்த மஞ்சள் வர சுமார் 12 மணி நேரம் ஆகும். ஆனால் “முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்” என்ற பயம் நம் பக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று சொல்லவே வேண்டாம். பல குடும்பங்கள் அந்த இடத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க” என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவது உண்டு. இடுப்புப் பகுதியில் தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடப்படுகிறது என்பதை யாராவது பொறுமையாக விளக்கினால் பாதிப் பயம் போகும்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஒருமுறை வெடித்த வீக்கம் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாவது கசிவில் பிழைப்பவர்கள் குறைவு. முதல் கசிவிலேயே பத்தில் ஒருவருக்கும் மேல் மருத்துவமனையை எட்டுவதற்குள் இறந்துவிடுகிறார்கள்.

கிளையில் தொங்கும் திராட்சை

இந்த வீக்கத்துக்கு ஆங்கில மருத்துவ நூல்கள் வைத்திருக்கும் பெயரே பழத்தை வைத்துத்தான். கம்பம் பள்ளத்தாக்கில் இதைப் புரியவைப்பது ரொம்ப சுலபம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கொடி இரண்டாகப் பிரியும் கவட்டையில், சின்னக் காம்போடு ஒரே ஒரு பழம் தொங்குகிறது. மூளையின் அடியில் வளையம்போல் ஓடும் தமனிகள் கிளை பிரியும் இடத்தில் அனியூரிசம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

ஏன் கவட்டையில்? ஓடிவரும் ரத்தம் நேராக மோதுகிற இடம் அதுதான். சொட்டுநீர்க் குழாயில் ‘டீ’ போட்ட இடம்தானே முதலில் உப்பும்? அதோடு இன்னொரு பலவீனமும் உண்டு. உடலின் மற்ற இடத்துத் தமனிகளுக்கு வெளிப்பக்கமாக மீள்தன்மை கொண்ட ஓர் உறை இருக்கிறது. மண்டைக்குள் ஓடும் தமனிகளுக்கு அந்த வெளி உறை இல்லை, நடுவில் இருக்கும் தசை அடுக்கும் மெல்லிசு. உயர் ரத்த அழுத்தமும் பீடி, சிகரெட்டும் சேர்ந்து பல வருடம் அந்தச் சுவரை அரித்தால் உப்புகிறது.

இங்கே பயந்துவிட வேண்டாம். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இப்படி ஒரு வீக்கம் இருக்கலாம் என்று உலக அளவிலான ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலானவை கடைசிவரை வெடிப்பதே இல்லை. வேறு காரணத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது 3 மி.மீ. வீக்கம் ஒன்று தற்செயலாகத் தெரிந்தால், “உடனே ஆபரேஷன்” என்று யாராவது சொன்னால், இன்னொரு நரம்பியல் அறுவை மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை. அளவு, இருக்கும் இடம், வயது, குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா என்பதையெல்லாம் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். 7 மி.மீ.க்குக் குறைவான பலவற்றைக் கண்காணிப்பதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு.

வெடித்துவிட்டால் மட்டும் காத்திருக்க முடியாது. மண்டையைத் திறந்து வீக்கத்தின் காம்பில் உலோகக் கிளிப் மாட்டுவது ஒரு வழி. அமெரிக்காவில் வால்டர் டேண்டி 1937-ல் முதலில் செய்தது அதுதான். தொடை வழியாக மெல்லிய குழாயை மேலே செலுத்தி, வீக்கத்துக்குள் பிளாட்டினச் சுருளை நிரப்புவது இன்னொரு வழி. இது 1990-களில் பரவியது. எதுவானாலும் அதற்கான ஆளும் அறையும் 24 மணி நேரமும் இருக்கும் இடத்துக்கு நோயாளி போய்ச் சேர வேண்டும். கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கி.மீ. தேனியிலிருந்து க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தாண்டி மதுரைக்கு மொத்தம் 75 கி.மீ. போல. ஏலத் தோட்டத்திலிருந்து கணக்குப் போட்டால் மலைப்பாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கவாத விளம்பரம் விட்டுவிடும் ஒரு அறிகுறி

பக்கவாதம் பற்றிய விழிப்புணர்வு இப்போது ஓரளவு வந்திருக்கிறது. முகம் கோணுதா, கை தூக்க முடியலையா, பேச்சு குழறுதா என்று பாருங்கள் என்கிற சுவரொட்டிகளை அரசு மருத்துவமனைகளில் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டமான ‘டேயி’யிலும் (டி.ஏ.இ.ஐ.) பக்கவாதத்துக்குத் தனி இடம் இருக்கிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் நம் ஏலத் தோட்டத்து அக்காவுக்கு முகம் கோணவில்லை, கை விழவில்லை, பேச்சும் தெளிவாகத்தான் இருக்கிறது. சுவரொட்டியின் மூன்று கேள்விக்கும் “இல்லை” என்றுதான் பதில் வரும். வெடித்த அனியூரிசமும் பக்கவாதக் குடும்பத்தில் ஒன்றுதான் என்றாலும், அந்தச் சல்லடையில் இது நிற்காது, நழுவிவிடும். இதற்கான கேள்வி வேறு: “வலி எத்தனை நொடியில உச்சத்துக்குப் போச்சு? இதுமாதிரி இதுக்கு முன்னாடி வந்திருக்கா?” ஒரு நிமிடத்துக்குள் உச்சம், வாழ்நாளில் வராத வலி என்றால், மற்றபடி ஆள் நன்றாக இருந்தாலும் சிடி எடுத்தாக வேண்டும். சுவரொட்டியில் நாலாவதாக ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை என்பது என் கருத்து.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் உண்டு, 2021 டிசம்பரில் தொடங்கியது. பைக்கில் விழுந்து மூளையில் ரத்தம் கசிந்தால் அது கை கொடுக்கும். ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருக்கும்போது மூளையில் ரத்தம் கசிந்தால் அது பொருந்தாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தேட வேண்டும். அட்டை வீட்டுப் பெட்டியில் இருக்கும், ஆள் மலையில் இருப்பார். அந்த அட்டையின் படத்தை போனில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு மதுரையில் நிற்கும்போது அது சின்ன விஷயம் இல்லை.

கட்டி வேற கடிகாரம்

மூளைக் கட்டி இப்படி ஒரு நொடியில் வராது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாக வரும். மண்டையோடு பெட்டி மாதிரி, விரிந்துகொடுக்காது. உள்ளே ஒன்று வளர்ந்தால் அழுத்தம் ஏறும். படுத்திருக்கும்போது அழுத்தம் கூடும் என்பதால் காலையில் எழும்போது வலி அதிகம், அதோடு வாந்தி. பெரியவர்களுக்கு வாழ்நாளில் முதல்முறையாக வலிப்பு. குணம் மாறுவது. கணக்கில் கெட்டியாக இருந்த கடைக்காரர் திடீரென்று சில்லறை கொடுப்பதில் தடுமாறுவது. இதெல்லாம் அடையாளங்கள். வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் வெறும் தலைவலி மட்டும் என்றால் அது கட்டியாக இருப்பது அபூர்வம். ஒற்றைத் தலைவலியோ டென்ஷன் தலைவலியோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தேனிக்காரர்கள் தலைவலி என்றால் முதலில் எங்கே போவார்கள்? கண் டாக்டரிடம். “பவர் மாறியிருக்கும், கண்ணாடி மாத்தணும்.” கிண்டலாகச் சொல்லவில்லை. இது உண்மையிலேயே ஒரு நல்ல வாசல். பார்வை நரம்பு மூளையோடு நேரடியாக இணைந்தது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் விழித்திரையின் பின்பக்கத்தில் அந்த நரம்பு நுழையும் வட்டம் வீங்கும். ஒரு சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, கையடக்கக் கருவியால் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்கேன் வேண்டாம், ஊசி வேண்டாம். பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி இரண்டு கண்ணின் வெளிப்புறப் பார்வையையும் தின்னும். ரோட்டைக் கடக்கும்போது பக்கத்தில் வரும் பைக் தெரியாது.

ரத்தக்குழாய் வீக்கமும் சில நேரம் கண்ணில்தான் கதவைத் தட்டும். ஒரு பக்கத்து இமை திடீரென்று தொங்கிவிடும், கண்மணி விரிந்து நிற்கும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். வீக்கம் பெரிதாகி, கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்துவதன் அடையாளம் அது. வெடிப்பதற்கு முந்தைய எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-லேயே தேனியில் கிளை திறந்துவிட்டது. நரம்பியல் நிபுணர் வராத ஊர்களில்கூட கண் முகாம் பல வருடமாக நடக்கிறது. கண்புரைக்காகப் போடப்பட்ட இந்தப் பாதை மூளை நோய்க்கும் பயன்படும். பார்வை நரம்பு வீக்கம் கண்டவரை நேரடியாக ஸ்கேனுக்கு அனுப்புகிற ஒரு சீட்டு, அந்தச் சீட்டுக்கு அரசு மருத்துவமனையில் முன்னுரிமை. இதை மாவட்ட அளவில் செய்ய முடியும்.

ஸ்கேனில் கட்டி என்றால் புற்றுநோயா?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிடம் ஒரு நல்ல பதில் இருக்கிறது.

சிடி ஸ்கேன் பரவத் தொடங்கிய காலத்தில், வலிப்போடு வரும் இந்திய நோயாளிகள் பலரின் மூளையில் வளையம்போல் மின்னும் சின்னப் புள்ளி ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்து, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நரம்பியல் அறுவைத் துறை (1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை) அந்தப் புள்ளிகளைத் திசுப் பரிசோதனைக்கு எடுத்துப் பார்த்தது. மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது காசநோய் இல்லை. பெரும்பாலானவற்றில் நாடாப்புழுவின் இளம்பருவம். மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் 1991-ல் இதை வெளியிட்டார்கள். 20 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், மூளை நடுக்கோட்டிலிருந்து தள்ளப்படாமல் இருந்தால் அது பெரும்பாலும் புழுக்கட்டி, அதைவிடப் பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தால் காசநோயைச் சந்தேகிக்கலாம் என்ற அளவுகோல் அந்த வேலையிலிருந்துதான் வந்தது. பலருக்கு அந்தப் புள்ளி தானாகவே மறைந்துவிடும், வலிப்பு மாத்திரை மட்டும் போதும். எத்தனை பேருக்குத் தேவையில்லாத மண்டை அறுவையை இது தவிர்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“நாங்க கறியே சாப்பிடுறதில்லையே, எப்படி புழு?” இது அடிக்கடி வரும் கேள்வி. பன்றிக்கறி சாப்பிட்டவருக்குக் குடலில் நாடாப்புழு வரும். அவர் மலத்தில் வெளியேறும் முட்டை, தண்ணீர் வழியாகவோ கழுவாத கீரை, கொத்தமல்லி வழியாகவோ யார் வயிற்றுக்குள் போனாலும் மூளைக்குப் போகலாம். சைவம், அசைவம் என்ற கணக்கு அதற்குத் தெரியாது.

ஆக, படம் சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்பு சொல்வது பெரும்பாலும் நோய்க்கூறியல் மேசைதான். அறுவையின்போது எடுத்த கடுகளவு திசுவை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நசுக்கி, சாயம் ஏற்றிப் பார்த்து, அறுவை அரங்குக்கே சில நிமிடங்களில் ஒரு முதல் பதில் அனுப்புவார்கள். மீதியை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சீவி, நிதானமாகப் பார்க்க நாள்கள் ஆகும். உறையிலிருந்து வரும் மெனிஞ்சியோமா என்றால் பெரும்பாலும் சாதுவானது, முழுதாக எடுத்துவிட்டால் நிம்மதி. செத்துப்போன திசுத் திட்டுகளும், தாறுமாறாகப் பெருகிய ரத்த நாளங்களும் தெரிந்தால் கிளியோபிளாஸ்டோமாவைச் சந்தேகிப்பார்கள். அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலமைடு மாத்திரை எல்லாம் கொடுத்த 2005-ன் முக்கிய ஆய்வில்கூடப் பாதிப் பேர் கடந்த காலம் 14.6 மாதம்தான்.

2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஐந்தாவது வகைப்பாட்டில் மைக்ராஸ்கோப் மட்டும் போதாது என்றாகிவிட்டது. ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா, ஒன்றாவது, பத்தொன்பதாவது குரோமோசோம்களின் சில பகுதிகள் காணாமல் போயிருக்கின்றனவா என்று பார்த்தால்தான் சரியான பெயர் வைக்க முடியும். பெயர் மாறினால் சிகிச்சையும், எத்தனை வருடம் என்ற கணக்கும் மாறும். இந்த மரபணுச் சோதனைகள் பெரும்பாலும் பெருநகர ஆய்வகங்களில்தான். நோயாளி கூடலூரில், அறுவை மதுரையில், மெழுகுக்கட்டி இன்னொரு நகரத்தில். “ரிப்போர்ட் வந்துச்சா” என்று வாரக்கணக்கில் போன் பண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்களின் காத்திருப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. ஒரு விஷயம் மட்டும்: அந்த மெழுகுக்கட்டியும் கண்ணாடித் தகடுகளும் தேவைப்பட்டால் கேட்டு வாங்கி, வேறு மையத்தில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். பலருக்கு இது தெரியாது.

அபூர்வமா, கண்ணில் படவில்லையா?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தி, 1969-ல் அமெரிக்காவின் நரம்பியல் அறுவை இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவில் அனியூரிசம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. மேற்கு நாடுகளைவிடக் குறைவாகத் தெரிகிறது என்பது அன்றைய படம். அப்போது சிடி ஸ்கேனே கிடையாது, உலகின் முதல் சிடி ஸ்கேன் நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971-ல், லண்டனில். உண்மையிலேயே நம்மிடம் குறைவா, இல்லை மருத்துவமனைக்கு வருமுன்பே இறந்துவிடுகிறார்களா என்ற விவாதம் பிறகும் பல வருடம் நீடித்தது.

அதே கேள்வியை ஒரு மாவட்டத்துக்குச் சுருக்கிக் கேட்கலாம். “தோட்டத்துல மயங்கி விழுந்தாரு, மாரடைப்பு” என்று முடிந்துபோகும் சாவுகளில் எத்தனை மூளையில் நடந்தது? பிரேதப் பரிசோதனை இல்லாதவரை பதில் கிடையாது.

2025 ஆகஸ்ட் 2-ல் தொடங்கிய ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்கள் மாதிரியானவை இதைக் கண்டுபிடிக்குமா? நேரடியாக முடியாது. எல்லோருக்கும் மூளை ஸ்கேன் எடுத்து அனியூரிசம் தேடச் சொல்லி எந்த மருத்துவ வழிகாட்டுதலும் இல்லை. அப்படித் தேடினால் வெடிக்கவே போகாத வீக்கங்களுக்காகப் பலர் தூக்கத்தை இழப்பார்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ வந்திருந்தால், அல்லது சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைந்த பரம்பரை நோய் இருந்தால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம். முகாமால் உருப்படியாக முடிவது ரத்த அழுத்தத்தைக் கண்டுபிடிப்பது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலில் கொடுக்கும் பி.பி. மாத்திரை, திராட்சைக் காம்பு கிழியாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையும்தான். சிக்கல் என்னவென்றால், மாத்திரையோடு ஊழியர் வரும் நேரத்தில் ஜீப் மலையேறிவிட்டிருக்கும்.

செல்போன் டவர், பூச்சிமருந்து, நியூட்ரினோ

மூளைக் கட்டி என்றதும் இந்த மாவட்டத்தில் வரும் மூன்று சந்தேகங்கள் இவை. சுருக்கமாக: உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2024-ல் வெளியான, 63 ஆய்வுகளைத் தொகுத்த அலசல், செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. பூச்சிமருந்தைக் கவசமின்றி அடிப்பது வேறு பல கேடுகள் செய்யும், மூளைக் கட்டிக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தைச் சுற்றிக் கதிர்வீச்சு பற்றிப் பேசிப் பேசி, இங்கே சிலருக்கு எம்.ஆர்.ஐ. என்றாலே பயம். எம்.ஆர்.ஐ.யில் அப்படிப்பட்ட கதிர்வீச்சு இல்லை, காந்தமும் ரேடியோ அலையும்தான். சிடியில் எக்ஸ்ரே உண்டு, ஆனால் இடிபோல் வந்த தலைவலிக்கு அதை நினைத்துத் தயங்கக் கூடாது.

மதுரை தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கம்பத்துக்காரர்களில் வசதி உள்ளவர்கள் அதற்குக் காத்திருக்காமல் குமுளி வழியாகக் கோட்டயத்துக்கோ, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவமனைக்கோ போகிறார்கள். போவதற்கு முன் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எந்தப் பக்கம் போனாலும் அவசரப் பிரிவில் முதலில் கேட்பார்கள்: “வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?” நோயாளி மயங்கியிருப்பார். பக்கத்தில் நின்று ஏலக்காய் எடுத்தவருக்கோ ஜீப் ஓட்டுநருக்கோதான் அந்த மணி தெரியும். 108-க்குப் போன் போடும்போதே அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நோயாளியின் சட்டைப் பையிலோ முந்தானையிலோ முடிந்து அனுப்பலாம்.